கொழுந்து கையிலேயே நின்றது

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரியில் நான் போட்டவற்றுள் மிக அழகான தையல்தான் என் மிகப் பெரிய தவறும். இந்தத் தோட்ட வைத்திய வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன், சிரித்துக்கொள்ளத் தடையில்லை.

புஷ்பம் தேயிலை பறிப்பதில் கைவேகமுள்ள கொழுந்துக்காரி. மாட்டுக்குப் புல் அறுக்கும்போது அரிவாள் இடது புறங்கையில் பாய்ந்துவிட்டது. சுட்டுவிரல் முட்டியின் மேலே வெட்டு.

“அய்யா, கொழுந்து எடுக்க முடியுமாங்க? அத மட்டும் சொல்லுங்க.”

கையில் காயத்தோடு யார் வந்தாலும் எங்கள் டிஸ்பென்சரியில் ஒரு பரீட்சை உண்டு. வாசலில் நிற்கும் தேயிலைச் செடியில் ஒரு கிள்ளு. கிள்ளினால் கை பிழைத்தது. புஷ்பமும் கிள்ளினாள். விரல் நுனியை ஊசியால் தொட்டேன். “ஆத்தாடி!” என்று கத்தினாள். கழுவி, ஆறு தையல் போட்டேன்.

பரீட்சைக்குப் படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. இழையம், அதாவது திசு, நான்கு வகை. புறவணியிழையம் மூடிக் காக்கும், தைத்தாயிற்று. தசையிழையம் சுருங்கி அசைக்கும், கிள்ளினாளே. நரம்பிழையம் சேதி கடத்தும், கத்தினாளே. தொடுப்பிழையம் இணைக்கும், தாங்கும். எலும்பும் இரத்தமும் அந்தக் குடும்பம்தான். எலும்பு உடையவில்லை, இரத்தம் நின்றுவிட்டது. நாலுக்கு நாலு என்று எனக்கு நானே புள்ளி போட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் கட்டு மாற்ற வந்தாள். கையை ஆட்டாதே என்று சொன்ன பேச்சைக் கேட்காமல் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்கிறாள். திட்ட வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“கிள்ளுறேங்க. கூடைக்குத் தூக்கிப் போட்டா கொழுந்து கையிலயே நிக்குது. வெரலு விரிய மாட்டேங்குது.”

நீட்டச் சொன்னேன். மற்ற விரல்கள் நீண்டன, சுட்டுவிரல் தொங்கியது. கிள்ளுவதற்கு விரலை மடக்கினால் போதும். மடக்கும் தசைநாண் உள்ளங்கைப் பக்கம். நீட்டும் நாணோ வெட்டு விழுந்த புறங்கையில் ஓடுகிறது. தசையை எலும்போடு கட்டும் அந்தக் கயிறும் தொடுப்பிழையம்தான். கயிறு அறுந்தபின் தசை இழுத்து என்ன பயன்? அதன்மேல் நான் தோலை மூடித் தைத்திருக்கிறேன்!

கண்டியில் தெரிந்த சத்திரசிகிச்சை டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன்.

“இன்னைக்கே அனுப்புங்க. லேட்டானா அறுந்த நுனி உள்ளுக்கு இழுத்துக்கும்.”

புஷ்பத்திடம் மறைக்கவில்லை. “தப்பு என்னோடதும்மா. தைக்கிறதுக்கு முன்னாடி வெரல நீட்டச் சொல்லியிருக்கணும்.”

“அத அப்புறம் பேசிக்கலாங்க. வெரலு வருமா, வராதா?”

“வரும்னு நெனைக்கிறேன்.”

“நெனைச்சது போதுங்க. வண்டியக் கூப்புடுங்க.”

தோட்டத்து வண்டி அன்றே அவளைக் கண்டிக்குக் கொண்டுபோனது. நாணைச் சேர்த்துத் தைத்தார்கள். பல வாரம் விரல் அசையாமல் பட்டை வைத்துக் கட்டி, பிறகு பயிற்சியும் கொடுத்தார்கள். விரல் முழுக்க நேராகவில்லை, ஆனால் கொழுந்தை விட்டுவிடும் அளவுக்கு விரிந்தது. அவள் மலைக்குத் திரும்பிய அன்று, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களம் வரை போய் ஒளிந்து நின்று பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

தைப்பதற்கு முன் மடக்கச் சொல்லுங்கள், நீட்டச் சொல்லுங்கள், இரண்டையும் கண்ணால் பாருங்கள். மேலே தெரிகிற தோல் நம்மை ஏமாற்றிவிடும். நான் படித்த பாடம் இவ்வளவுதான்.

போன மாதம் புஷ்பத்தின் கணவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் கையை வெட்டிக்கொண்டு வந்தார். அவள்தான் கூட்டி வந்தாள். நான் ஊசியை எடுத்தேன். அவள் என் கையைத் தடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“மொதல்ல நீட்டிக் காட்டுங்க. அய்யா பாக்கட்டும். நானும் பாக்குறேன்.”