மாவுக்கட்டில் நான்கு மேடுகள்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் என் மேஜை இழுப்பறையில் ஒரு மாவுக்கட்டின் பாதி ஓடு இருக்கிறது. அதை வந்து பார்த்துவிட்டு அப்புறம் என்னோடு பேசட்டும்.

நானும் பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள்தான். ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டுப் போடுவதும் பிரிப்பதும் என் வேலை. பன்னிரண்டு வருடமாக இதே அறை, இதே மாவு, இதே வாளித் தண்ணீர். உடைந்த கால்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பயம் என்பதே மரத்துப் போயிருந்தது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். வீட்டை விட்டால் டிப்போ, டிப்போவை விட்டால் வீடு. அவர் ஓய்வு பெற்றதும், ஒரு தடவையாவது வெளிநாடு பார்த்தே ஆகவேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். மூன்று பேரும் கிளம்பினோம். கடலுக்குப் பக்கத்தில் ஒரு வாரத்துக்கு வாடகை வீடு. படுக்கையறை மாடியில். பதினான்கு படிகள்.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. மாலை 7.40. நேரம் எப்படித் தெரியும் என்றால், அப்பாவின் கைக்கடிகாரம் அந்த நிமிடத்தில் உடைந்து நின்றுவிட்டது.

தட்... தட்... தட்... தட்...

கீழே உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. உருண்டு விழுகிறவர்களின் சத்தம் கலைந்து வரும். இது சீராக வந்தது. ஒவ்வொரு படியாக.

ஓடிப் போய்ப் பார்த்தேன். அப்பா கடைசிப் படியில் மல்லாந்து கிடந்தார். இடது பாதம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஒன்று மட்டும் எனக்கு அப்போதே உறுத்தியது. விழுகிற யாரும் கையை ஊன்றுவார்கள். அதனால் மணிக்கட்டு போகும், உள்ளங்கை தேயும். அப்பாவின் உள்ளங்கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. விரல்களில்தான் ரத்தம். மூன்று நகங்கள் பிய்ந்திருந்தன. கைப்பிடிக் கட்டையில் மேலிருந்து கீழ்வரை நகக் கீறல்.

"யாரோ காலைப் பிடிச்சு இழுத்தாங்கடா," என்றார் அப்பா.

"வெளிநாட்டுக்கு வந்தும் உங்க காலை வார ஆள் இருக்கா?" என்றேன். அவரைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"குடிச்சீங்களா?" என்று அம்மா முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தார். இல்லை என்றதும்தான் அவருக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் நான் பாஸ்போர்ட்டோடு கவுன்டரில் நின்ற நேரத்தில் அப்பாவுக்குக் கட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். கணுக்காலில் இரண்டு எலும்பும் விரிசல். முழங்காலுக்குக் கீழே முழுக் கட்டு. கட்டைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. கணுக்காலின் உள்பக்கம் நான்கு மேடுகள், வரிசையாக. வெளிப்பக்கம் ஒன்று. என்னிடம் வேலை கற்கிற பையன் இப்படிக் கட்டியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

"இறுக்குதுடா," என்றார் அப்பா. "கட்டு இறுக்கல. வேற என்னமோ இறுக்குது."

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் ரத்த ஓட்டம் நின்றால் பாதத்தையே எடுத்துவிட வேண்டியிருக்கும். ஒவ்வொரு மணிக்கும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, சிவப்பு திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். முதலில் இரண்டு நொடி. காலையில் மூன்று. புதன் மதியம் ஐந்து. விரல் நுனிகள் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தன.

புதன்கிழமை. மாலை 7.40.

அம்மா கட்டிலுக்கு அருகே நாற்காலியில் இருந்தார். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். தலையணைமேல் தூக்கி வைத்திருந்த அப்பாவின் கால் மெல்ல நீண்டது.

அப்புறம் கட்டிலே நகர்ந்தது.

கிரீச்ச்ச்...

கட்டில் கதவை நோக்கிப் போய் மோதியது. பின்னால் வந்தது. மறுபடி போய் மோதியது. மருந்துப் பாட்டில் தொங்கிய கம்பி சாய்ந்து அம்மாவின் புருவத்தைக் கிழித்தது. அப்பா இரண்டு கையாலும் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்... ஆமாம், படுக்கையில் தொங்கினார். உடம்பு முழுக்கக் கால் பக்கமாக இழுபட்டிருந்தது. நான் பாய்ந்து அவர் மார்மேல் விழுந்தேன்.

நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லாம் நின்றது.

"பிரேக் போடலையா?" என்று கேட்டார்.

குனிந்து பார்த்தேன். நான்கு சக்கரத்திலும் பிரேக் போட்டபடியே இருந்தது. தரையில் நான்கு கறுப்புக் கோடுகள். அம்மாவின் புருவத்தில் ஐந்து தையல்.

அந்த நிமிடமே முடிவு செய்தேன். இனி ஒரு ராத்திரிகூட இங்கே தங்கக் கூடாது. அப்பாவைக் காலோடும் உயிரோடும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்த டாக்டர் நான்கு நாள் பொறுக்கச் சொன்னார். அதுவரை அந்தப் பாதம் பொறுக்காது என்று எனக்குத் தெரியும். வியாழன் மாலை 5.30 விமானத்தில் முன்வரிசையில் மூன்று இடம் கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு நாள் ஆகாத மாவுக்கட்டு என்றால் இரு பக்கமும் பிளந்திருக்க வேண்டும். மேலே பறக்கும்போது கால் வீங்கும். முழுக் கட்டு நெரித்துவிடும்.

வியாழன் காலை 11 மணிக்கு நானே பிளந்தேன். என் வேலை தெரிந்ததும் அவர்கள் ரம்பத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த ரம்பம் சுற்றாது, அதிரும். மாவை வெட்டும், தோலை வெட்டாது. வெளிப்பக்கம் சுலபமாக வந்தது. உள்பக்கம் அந்த மேடுகளை நெருங்கியதும் ரம்பம் எதிலோ பட்டுத் துள்ளியது. உள்ளே எலும்பு மாதிரி ஏதோ. அப்பாவின் எலும்பு அவ்வளவு மேலே இருக்க வழியில்லை.

மாவுக்கு அடியில் பஞ்சுச் சுற்று இருக்கும். அதையும் வெட்டி, தோல் கண்ணுக்குத் தெரிகிறவரை பிளக்க வேண்டும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்லித் தருவதே இதுதான். அன்று நான் அதைச் செய்யவில்லை. டாக்ஸி கீழே நின்றது, விமான நிலையம் இரண்டு மணி நேரத் தொலைவு. மேலாகத் துணி சுற்றிவிட்டேன்.

இல்லை, பொய் சொல்லக் கூடாது. டாக்ஸி காரணமில்லை. அந்தப் பஞ்சை விலக்க எனக்குப் பயமாக இருந்தது.

விமானத்தில் ஒரு சுருட்டைமுடிப் பணிப்பெண் இருந்தாள். நம் மொழிக்காரி. கேட்காமலே இரண்டு தலையணை கொண்டுவந்து அப்பாவின் காலுக்குக் கீழே வைத்தாள்.

"பஸ் ஓட்டினவரா? அப்போ எங்க பைலட்டைக் குறை சொல்லக் கூடாது, சரியா?"

"பிரேக் எப்படிப் போடறான்னு பார்த்துட்டுச் சொல்றேம்மா," என்றார் அப்பா. மூன்று நாளில் அன்றுதான் சிரித்தார். அம்மா காபி வாங்கிக்கொண்டார். எனக்குக்கூடக் கொஞ்சம் மூச்சு வந்தது.

என் கடிகாரத்தை நான் இன்னும் மாற்றவில்லை. அந்த ஊர் நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

7.36. அப்பா கண் மூடியிருந்தார்.

7.38. துணிச் சுற்றுக்கு உள்ளே... சர்... சர்... பஞ்சு உரசுகிற சத்தம்.

7.39. அப்பா கண்ணைத் திறந்தார். "டேய்..."

7.40.

இடுப்பு பெல்ட் பிடுங்கிக்கொண்டது. அப்பா இருக்கையிலிருந்து உருவப்பட்டார். கால் முதலில்.

தலை தரையில் மோதியது. உதடு கிழிந்தது. நான் குதித்து அவர் அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுத்துக் கட்டிக்கொண்டேன்.

இழுத்தது.

இருவரையும் சேர்த்து இழுத்தது.

முழங்கால் தரையில் தேய்ந்தது. அவர் தோளில் ஏதோ 'மளுக்' என்றது. அம்மா என் சட்டையைப் பிடித்தார். சட்டை கிழிந்தது. யாரோ கத்தினார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

அவள் மட்டும் வந்தாள்.

"கத்திரிக்கோல்!" என்று கத்தினேன். முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். என்னால் அப்பாவை விட முடியாது. விட்டால் போய்விடுவார்.

"நீ வெட்டு! பஞ்சை வெட்டு! தோல் தெரியற வரைக்கும்!"

"நானா?"

"வெட்டும்மா!"

அப்பாவின் காலருகே மண்டியிட்டாள். துணியை அறுத்தாள். பஞ்சில் கத்திரியை விட்டாள்.

ஒரு வெட்டு.

இரண்டு.

மூன்று...

அப்பா லேசானார். நானும் அவரும் பின்னால் சரிந்தோம்.

"விட்டுட்டான்," என்றார் அப்பா. "விட்டுட்டான்டா..."

டக்.

காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். அவள் அலறினாள். அவளுடைய இடது பாதம் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

விமானம் குலுங்கியதாகத்தான் அறிக்கையில் எழுதினார்கள். எங்களிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அம்மாவின் காபி ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தட்டில் அப்படியே இருந்தது.

அவளைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் மூவரையும் ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

மறுநாள் காலை என் அறையில், என் மேஜையில், அப்பாவின் கட்டை முழுதாகத் திறந்தேன். விரல்கள் நல்ல சிவப்பு. பாதம் பிழைத்துவிட்டது. தோளும் இறங்கவில்லை, சதைப் பிடிப்புதான். அந்த நிம்மதியில்தான் மாவு ஓட்டைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஈர மாவை யாராவது விரலால் அழுத்திப் பிடித்தால் வெளியே குழி விழும், உள்ளே மேடு தட்டும். தினமும் பார்க்கிற தவறு அது. இதில் எல்லாம் தலைகீழ். வெளியே மேடு. உள்ளே குழி. நான்கு விரல், எதிர்ப்பக்கத்து ஓட்டில் ஒரு கட்டைவிரல். கணு மடிப்புகள்கூடப் பதிந்திருந்தன.

அதாவது, அவர்கள் கட்டுப் போடும்போதே ஒரு கை அப்பாவின் காலைப் பிடித்திருந்தது. அதன்மேல்தான் மாவு சுற்றியிருக்கிறார்கள்.

குழிகளில் என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அந்த விரல்கள் என் விரலைவிட ஒரு கணு நீளம். பாதத்துக்குக் கீழேயிருந்து மேலே எட்டிப் பிடித்த பிடி.

இதெல்லாம் நடந்து ஆறு வாரம் ஆகிறது. அப்பா இப்போது கைத்தடி வைத்துக்கொண்டு தெருமுனைவரை போய் வருகிறார். கிளட்ச் கால் சரியாகிவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காலை ஆட்டிக் காட்டுகிறார். நானும் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் பஞ்சை வெட்ட வைத்தவன் நான் என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

போன திங்கட்கிழமை என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. சுருட்டைமுடிப் பணிப்பெண். அறிக்கையிலிருந்து எண்ணை எடுத்தாளாம்.

"அப்பா எப்படி இருக்காங்க? உங்களுக்கு நன்றி சொல்லவே முடியல. அன்னிக்கு நான் விழுந்ததுலேர்ந்து வீல்சேர்ல ஏத்தற வரைக்கும் என் கணுக்காலை விடாமப் பிடிச்சிட்டு இருந்தீங்களே. வலியில திரும்பிப் பார்க்கக்கூட முடியல. ஆனா அந்தப் பிடி இருந்ததாலதான் தைரியமா இருந்தேன்."

நான் அவள் காலைத் தொடவே இல்லை. என் இரண்டு கையும் அப்பாவைச் சுற்றி இருந்தன.

கூடவே ஒரு படம். கட்டுப் போட்ட காலை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டு முழுக்கத் தோழிகளின் கையெழுத்து. பெரிதாக்கிப் பார்த்தேன். கணுக்காலின் உள்பக்கம், வரிசையாக, நான்கு மேடுகள்.

"கட்டுப் பிரிக்க நேரமாச்சு. இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு. உங்ககிட்டயே வந்து பிரிச்சுக்கறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு வரலாமா?"

வரச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று அப்பா சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறார். அவரிடம் சனிக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை. என்னிடம் வேலை கற்கிற பையனுக்கு விடுமுறை கொடுத்துவிட்டேன். அறையில் நானும் அவளும் மட்டும்தான். இந்த முறை கத்திரி என் கையில் இருக்கும். பஞ்சைத் தோல் தெரிகிறவரை நானே வெட்டுவேன்.

ரம்பத்தைத் துடைத்து வைத்தாகிவிட்டது. ஒரு சுருள் பஞ்சு, நான்கு சுருள் மாவுத்துணி, ஒரு வாளித் தண்ணீர் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அவை என் இடது காலுக்கு.