விளக்குக்கு மாட்டிய பிளக்

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான். கடலூர் முதுநகர் ராஜவேலிடம் நேரில் கேட்டுப் பாருங்கள். செல்போனில் 'டிங்' என்று சத்தம் வந்தாலே இன்றைக்கும் அவன் போனைத் தூர வைத்துவிடுகிறான்.

அவன் அப்பா சிங்காரம் செத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. கருமாதி முடிகிறவரை, உயிர் போன பின்னறையில் விளக்கு அணையக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அம்மா லோகநாயகிக்கு மூட்டு வலி. எழுந்து எழுந்து எண்ணெய் ஊற்ற முடியாது. ராஜவேலுக்கோ லீவு முடிந்துவிட்டது. பகல் முழுக்கச் சிதம்பரத்தில் வேலை. அம்மாவுக்குச் சிரமம் வேண்டாமென்று வீடெல்லாம் ஸ்மார்ட் பிளக் மாட்டினான். ஃப்ரிட்ஜ், டிவி, அம்மா உட்காரும் வாசலோரத்து ஃபேன், எல்லாவற்றையும் செல்போனிலேயே போடலாம், அணைக்கலாம். எது அணைந்தாலும் செல்போனுக்குத் தகவல் வந்துவிடும். அதோடு விட்டானா அந்தப் புத்திசாலி? எண்ணெய் விளக்கையும் எடுத்துவிட்டு, கரண்ட் விளக்கு ஒன்றை வைத்து அதையும் பிளக்கில் சொருகினான்.

"எண்ணெ விளக்குதான்டா வெக்கணும். வெளக்கு அணஞ்சா உங்கப்பா தனியா வூட்ட வுட்டுப் போவ மாட்டாரு."

"சும்மா இரும்மா. இது அணையவே அணையாது. நான் அங்கேர்ந்தே பாத்துக்கிறேன்."

மறுநாள் உச்சிப் பொழுது. சிதம்பரத்தில் சோற்று டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான்.

டிங்...

'விளக்கு ஆஃப்.'

திக்கென்றது. உடனே ஆன் செய்தான். ஆனது.

டிங்... மறுபடி ஆஃப்.

அம்மாவுக்கு ஃபோன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அசந்து தூங்குகிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

டிங்... ஃப்ரிட்ஜ் ஆஃப்.

டிங்... டிவி ஆஃப்.

பின்னறையிலிருந்து வாசலை நோக்கி, வரிசையாக. ஓர் ஆள் காலைத் தேய்த்து நடந்து வருகிற இடைவெளி விட்டு.

குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்பா இப்படித்தான். எல்லாரையும் வாசலில் நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வருவார்.

அப்பா கிளம்பிவிட்டார். யாரைக் கூட்டிக்கொண்டு?

"அப்பா... வேணாம்பா. அம்மாவ வுட்டுடுப்பா!"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கண்ணில் யாரும் படவில்லை. ஆன். ஆன். ஆன். அழுத்திக்கொண்டே இருந்தான்.

போடப் போட அணைந்தது.

மிச்சம் வாசலோரத்து ஃபேன்தான்.

பக்கத்து வீட்டு ஜான்சிக்கு அடித்தான். "அக்கா, எங்கம்மாவ போய்ப் பாருக்கா! ஓடுக்கா!"

டிங்...

ஃபேன் ஆஃப்.

சற்று நேரத்தில் ஜான்சி திரும்பக் கூப்பிட்டாள்.

"தம்பி... ஒடனே வா. அம்மா வாசப்படியில குந்தியிருக்காங்க. பட்டுப்பொடவ கட்டி, மடியில பைய வெச்சிக்கிட்டு... மூச்சு இல்ல தம்பி."

கடலூர் வந்து சேர்ந்தவன் அம்மா காலைக் கட்டிக்கொண்டு கதறினான். நடந்ததையெல்லாம் ஜான்சியிடம் சொல்லிச் சொல்லி அழுதான்.

"நானும் போட்டுப் போட்டுப் பாத்தேன்க்கா. அணைச்சிக்கிட்டே வந்தாருக்கா..."

ஜான்சி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"என்னா தம்பி சொல்ற? கம்பி மாத்துறாங்கன்னு காலையிலயே நிறுத்திட்டாங்க. தெருவுக்கே கரண்டு இல்ல. இன்னும் வரலியே..."