அழாத பிள்ளை

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் எலிக்குட்டிகளின் மூளை வளர்ச்சியை ஆராய்கிறேன். கண் திறக்காத குட்டிகளைத் தினமும் சிறிது நேரம் தாயிடமிருந்து பிரித்து வைப்போம். முதலில் கத்தும், நாளாக ஆக அடங்கிவிடும். அப்படி அடங்கிப்போன குட்டிகளின் மூளையில், பயத்தைத் தணிக்கும் மரபணுக்கள் மிகக் குறைவாகவே வேலை செய்வதைப் பார்த்தோம்.

பிரசவ விடுப்பு முடிந்ததும் என் மகளைத் தென்காசியில் அக்காவிடம் விட்டிருந்தேன். சாரல் தொடங்கிய வாரம் அக்கா போனில் பேசினாள்.

“ஏட்டி, இப்பம்லாம் அவ அழவே மாட்டுக்கா. நல்ல சமத்துப்பிள்ள.”

கையுறையைக் கழற்றிவிட்டு அன்றே ரயில் ஏறினேன்.

அக்கா அவளைக் குற்றாலத்துக்குத் தூக்கிப் போயிருந்தாள். நானும் நேரே அங்கே போனேன். ஐந்தருவி இரைச்சலுக்குப் பயந்து மற்ற பிள்ளைகளெல்லாம் வீறிட்டுக்கொண்டிருந்தன. அக்காவின் இடுப்பில் என் மகள் மட்டும் பேசாமல் இருந்தாள். கையை நீட்டினேன். வந்துவிட்டாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“யாரு தூக்குனாலும் போயிருதா,” என்று அக்கா பெருமையாகச் சிரித்தாள்.

எலி வேறு, பிள்ளை வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளே அவளைச் சென்னைக்குக் கூட்டி வந்துவிட்டேன். போன வாரம் தடுப்பூசி போட்டார்கள். ஊசி இறங்குவதை அவள் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.