அவன் கிட்டார் மட்டும் ஏன் உறுமுகிறது

அவன் கிட்டார் உறுமியபோது எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று நாசூக்காகச் சொல்ல நான் தயாரில்லை, வயிற்றெரிச்சல்தான். எங்கள் ராக் பேண்டில் லீட் கிட்டார் நான், ரிதம் கிட்டார் அவன். பேண்டை ஆரம்பித்தவன் நான். பயிற்சி நடப்பதும் அடி அண்ணாமலையில் என் அப்பாவின் மைக் செட் கொட்டகையில்தான். பௌர்ணமிக்கு ஸ்பீக்கர் எல்லாம் கிரிவலப் பாதைக்கு வாடகைக்குப் போய்விடும், கொட்டகை காலியாகும். அன்றுதான் எங்களுக்கு ஒத்திகை.

அவன் செங்கம் ரோட்டில் ஒரு கஃபேயில் காபி போடுகிறவன். ஒரு பௌர்ணமியன்று கிட்டாரில் பிக்கப்பை மாற்றிக்கொண்டு வந்தான். கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தமும் சுருளும்தான் பிக்கப், கம்பியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்புவது அதுதான். பழையது டியூப்லைட் போட்டாலே இரையும். புதியது இரட்டைச் சுருள் ஹம்பக்கர், இரைச்சலே இல்லை. ஆம்பில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றி, தடித்த கம்பியை உள்ளங்கையால் அமுக்கி அடித்தான். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, கெட்டியாக நெஞ்சில் விழுந்தது.

டிரம்ஸ் வாசிப்பவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "மச்சான், இன்னாடா சவுண்டு இது! காலேஜ் ஷோல சோலோ நீ வாசிடா" என்றான், என் எதிரிலேயே.

பாட்டின் நடுவில் லீட் கிட்டார் தனியாக வாசிக்கும் அந்த சோலோவை உட்கார்ந்து உருவாக்கியவன் நான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"எந்த பிக்கப்புடா அது?" என்று ஒன்றும் தெரியாதவன் போல அவனிடம் கேட்டேன்.

"மீடியம் அவுட்புட்தான்டா. அதுக்கு மேல ஜாஸ்தியா போனா சவுண்டு கொழகொழன்னு ஆயிடும்னு தோணுச்சு."

மீடியமாம். மறைக்கிறான் என்று முடிவு கட்டினேன். ஆன்லைனில் தேடி, ஹெவி மெட்டல் இசைக்கென்று போட்டிருந்ததிலேயே அதிக அவுட்புட் ஹம்பக்கரை வரவழைத்தேன். நானே சால்டரிங் செய்தேன். மைக் செட் வீட்டுப் பிள்ளைக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மேடையில் பேச வருபவர்களிடம் சின்ன வயதிலிருந்து நான் சொல்லிவரும் வாக்கியம், "மைக்க வாய்கிட்ட வச்சுப் பேசுங்க" என்பது. அதே கணக்கில் பிக்கப்பின் இரு பக்கமும் உள்ள திருகுகளைத் திருகி, அதைக் கம்பியை உரசும் அளவுக்கு ஏற்றி வைத்தேன்.

அடுத்த பௌர்ணமிக்கு வாசித்தேன். சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் கார்டு பிடித்து அடித்தால் சுரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிட்டன. நீட்டிப் பிடித்த சுரம் ஆடி ஆடி, சுருதி விலகி, பாதியில் செத்தது. மறுபடி டியூன் செய்தேன், மறுபடியும் அதே கதை. டிரம்ஸ்காரன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். ரிதம் வாசிக்கிற அவனாவது சிரித்திருந்தால் ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

சிரிக்கவில்லை. என் கிட்டாரை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தான். "காந்தம் கம்பியப் புடிச்சு இழுக்குதுடா, ஆட உட மாட்டேங்குது" என்றான். எங்கள் கொட்டகை டெஸ்டராலேயே திருகி பிக்கப்பைக் கீழே இறக்கினான். ஆம்பில் கரகரப்பை ஏற்றும் கெய்னையும் கம்மி பண்ணினான். "இப்ப வாசி."

வாசித்தேன். சுரம் நின்றது, நான் நினைத்த நேரம் வரை நின்றது. இத்தனை நாள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அதுதான். அதை அவன் கையால் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"சோலோ நீயே வாசிடா. அது உன்னுதுதானே?" என்றான். "எனக்கு ரிதம்தான் புடிக்கும்."

காலேஜ் ஷோவில் சோலோ நான்தான். விசில் பறந்தது. அங்கேயும் எங்கள் மைக் செட்தான், சவுண்டு மிக்சர் பக்கத்தில் நின்ற அப்பாகூடத் தலையாட்டினார். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி அவன் ரிதத்திலேயே கிடந்தான், என் பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்கு அந்த சோலோ வேண்டும் என்று ஒரு நிமிடமாவது இருந்திருந்தால், நான் ஜெயித்தேன் என்று வீட்டுக்குப் போயிருப்பேன். இன்னும் எரிகிறது.