கொழுந்து லொறியை மறித்த நாள்

இன்று நோர்வூட் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "அந்தக் காலத்துத் தேயிலைத் தோட்டத்து ஆளுங்க வாயே தொறக்க மாட்டாங்க" என்றார்.

அவருக்கு நான் சொன்னது இது.

எண்பதுகளில் ஒரு காலை. மாசமாயிருந்த என் சித்திக்குக் கொழுந்து பறிக்கும் மலையிலேயே இரத்தம் போகத் தொடங்கியது. வேலையை மேற்பார்த்த கண்டாக்கு ஐயா, "லொறி கொழுந்துக்குத்தான். வேற வண்டி வரும், இருங்க" என்றார்.

அம்மா கூடையை இறக்கிவிட்டு லொறிக்கு முன்னால் உட்கார்ந்தார். மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள்.

"எங்க மேல ஏத்திட்டுப் போங்க. இல்லாட்டி எங்க புள்ளைய ஏத்திட்டுப் போங்க."

டிரைவர் இறங்கி வந்து கொழுந்துச் சாக்குகளை ஒதுக்கினார். ஆஸ்பத்திரியில் சித்தி பிழைத்தார். குழந்தை தங்கவில்லை.

மறுநாள், வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிறுத்தி, "லொறிய மறிச்சது யாரு? பேர வெட்டிருவேன், வேலை கெடையாது" என்று கண்டாக்கு கேட்டார்.

அன்று மலைக்கே வராதவர்களும் சொன்னார்கள்: "நாங்கதாங்க."

உங்கள் தோட்டத்தில் மறித்தது யார்? பெயரோடு எழுதுங்கள், இனி யாரும் பேர் வெட்ட முடியாது.