ஏறும் நிலையம்: நாகர்கோவில்

போன வருடம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் புளிசாதத்தை ஆறவைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். நானும் என் மகளும் அன்று சாயங்காலம் நாக்பூருக்கு ரயில் ஏற வேண்டும். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து நிற்க வேண்டும், தவறினால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் சிம்மக்கல்லில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மொத்த வியாபாரக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்குவது வேலை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவியவர், "பாப்பா, வண்டி எத்தன மணிக்குன்னு டிக்கெட்டப் பாத்துச் சொல்லு. ஒரு லோட இறக்கிட்டு வந்துர்றேன்" என்றார்.

மகள் என் போனை எடுத்துப் பார்த்தாள். "பன்னெண்டு நாப்பதுன்னு போட்டுருக்கேப்பா" என்றாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றேகால்.

"என்னடி உளறுற, நாலே முக்காலுக்குத்தான் வண்டி" என்று போனைப் பிடுங்கினேன். அவள் உளறவில்லை. ஏறும் நிலையம் நாகர்கோவில், புறப்படும் நேரம் பன்னிரண்டு நாற்பது என்றுதான் இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். குறைந்த செலவில் ரயிலில் போவதில் எங்கள் தெருவிலேயே நான்தான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. யார் ஊருக்குப் போவதானாலும் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். மதுரையிலிருந்து தூரப் பயணத்துக்கு ஸ்லீப்பர் கேட்டால் பெரும்பாலும் காத்திருப்புப் பட்டியல்தான் வரும். அதே வண்டியில் நாகர்கோவிலிலிருந்து கேட்டால் இடம் இருக்கும். அங்கிருந்து டிக்கெட் போட்டுவிட்டு, ஏறும் நிலையத்தை மட்டும் மதுரை என்று மாற்றிக்கொண்டால் போதும். ஏசிக்கு ஆகும் காசில் பாதிகூட ஆகாது. இந்த வித்தையை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மறக்காமல் மதுரையென்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வரவில்லையென்று இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எச்சரிக்கையும் செய்வேன்.

அப்படிப்பட்ட நான் சொந்த மகளின் டிக்கெட்டில் மறந்துவிட்டேன். முதல் தடவை போட்டபோது எல்லாம் சரியாகத்தான் போட்டேன். பணம் கட்டும் இடத்தில் போன் திரை சுற்றிக்கொண்டே நின்று அது ரத்தாகிவிட்டது. இருக்கிற இடமும் போய்விடுமே என்ற பதற்றத்தில் இரண்டாவது தடவை அவசரமாகப் போட்டேன். எஸ் ஆறு பெட்டியில் இருபத்து மூன்று, இருபத்தாறு என்று இரண்டு இடம் உறுதியானதும் அதைத்தான் தெருவெல்லாம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேனே தவிர, டிக்கெட்டை மேலிருந்து கீழே ஒருமுறை ஒழுங்காகப் படிக்கவில்லை.

வண்டி நாகர்கோவிலை விட்டு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பயணிகள் சார்ட் போட்ட பிறகு எதையும் மாற்ற முடியாது. ரயில்வே உதவி எண்ணில் பேசிய பெண், "வண்டியில இருக்கற டிடிஆர்கிட்டதான் சொல்லணும்மா" என்றாள். வண்டியில் டிக்கெட் பரிசோதிக்கிற டிடிஆரிடம் வில்லாபுரத்தில் இருந்துகொண்டு எப்படிச் சொல்வது? அன்று வேறு வண்டிகளில் காத்திருப்புப் பட்டியல்கூட இல்லை. இந்த வண்டியும் வாரத்துக்கு இரண்டு நாள்தான். விமானத்தைப் பற்றி யோசிக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை. மகள் படித்த கடனே இன்னும் தீரவில்லை.

நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "வேண்டாம். போக வேண்டாம். ரெண்டு பொம்பளைங்க கக்கூஸ் பக்கத்துல ஒரு நாளு முழுக்க உக்காந்துட்டுப் போக முடியாது. பாதி வழியில எறக்கி விட்டா எங்க போயி நிப்போம்? வேற வேல வராமலா போகும்" என்றேன். பயத்தைவிட, என் தவறு ஸ்டேஷனில் நாலு பேருக்கு நடுவே வெளிச்சமாகிவிடுமே என்ற எண்ணம்தான் அப்போது என்னைப் பிடித்து ஆட்டியது.

மகள் அழவில்லை. சான்றிதழ் ஃபைலை எடுத்துத் தன் தோள்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். "நீ வரலைன்னா இருந்துக்கம்மா. நான் நின்னுக்கிட்டே போறேன்" என்றாள். அவளை நான் பெற்றதிலிருந்து அவ்வளவு நிதானமாக அவள் என்னிடம் பேசியதில்லை.

என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். "கோவில்பட்டி அண்ணனக் கேட்டுப் பாப்போம்" என்றார்.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடுகிற ஒருவர் அவர். சிம்மக்கல் கடைகளுக்கு வாரத்தில் நாலைந்து நாள் அவரிடமிருந்து பெட்டிகள் லாரியில் வரும். பெட்டி ஏறியதும் எந்த லாரி, எத்தனை பெட்டி, எத்தனை மணிக்கு வரும் என்று அவர் என் வீட்டுக்காரருக்குச் சொல்வார். இறக்கியதும் இவர் அவருக்குச் சொல்வார். பத்துப் பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. பெட்டிக் கணக்கு முடிந்த பிறகும் மழை உண்டா, வெயில் எப்படி என்று இழுத்துக்கொண்டே போவார்கள். முகம் தெரியாத ஆளோடு என்ன வளவளப்பு என்று நான் எரிந்து விழுந்த நாட்கள் உண்டு.

என் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கொதிக்கிற சத்தமும், கரண்டி அண்டாவில் இடிக்கிற சத்தமும் கேட்டது. அவர் ஏன், எப்படி, யார் செய்த தவறு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

"வண்டி நம்மூருக்கு எத்தன மணிக்குண்ணே வருது?"

"மூணு மணிக்கு. ரெண்டு நிமிஷந்தான் நிக்கும்."

"பெட்டி நம்பரு?"

"எஸ் ஆறு. இருவத்தி மூணு, இருவத்தாறு."

"டிக்கெட்ட வாட்ஸப்புல போட்டு விடுங்க. பாப்பாவ ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

டிடிஆரிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று நாங்கள் நினைத்தோம். இரண்டு நிமிடத்தில் அத்தனை நீள வண்டியில் டிடிஆரை எங்கே தேடுவது? அதற்குள் டிடிஆர் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தால்? நான் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். இரண்டே முக்கால், மூன்று, மூன்று ஐந்து. மூன்று எட்டுக்கு போன் அடித்தது. வண்டி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே கோவில்பட்டிக்காரர் கத்தினார்.

"ஏறிட்டேண்ணே! ஜெனரல் டிக்கெட் எடுத்துட்டு ஏறிட்டேன். இங்க ஒண்ணுல ஆளு இருக்கு, இன்னொண்ணு..."

அத்தோடு லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. ஒன்றில் ஆள் இருக்கிறது. இன்னொன்று காலியா, அதிலும் ஆளா? இவர் ஏன் வண்டியிலேயே போகிறார்? எதுவும் விளங்கவில்லை.

நாலு மணிவரை அவர் போனுக்காகக் காத்திருந்தோம். அதற்கு மேல் முடிவு செய்தாக வேண்டியிருந்தது. இடம் உண்டு என்று உறுதி கிடைத்த பிறகு கிளம்பலாம் என்று உட்கார்ந்திருந்தால் வண்டி போய்விடும். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவைத் தெருமுனையில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரனை அடித்தார். மகள் தன் பையோடு முன்னால் ஏறிவிட்டாள். நான் வாசலில் நின்று ஒரு நிமிடம் வீட்டைப் பார்த்தேன், ஆட்டோவைப் பார்த்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, சரக்கு ஏற்றுகிற பின்பக்கத்தில் பெட்டிகளோடு பெட்டியாக ஏறி உட்கார்ந்தேன். பார்க்கிறவர்கள் சிரித்திருப்பார்கள். தெற்குவாசல் பாலத்தில் டவுன் பஸ் ஒன்று குறுக்கே நின்று பத்து நிமிடத்தை விழுங்கியது. வழி முழுக்க நான் மறுபடி மறுபடி போன் செய்துகொண்டே வந்தேன். கோவில்பட்டிக்காரர் எடுக்கவில்லை.

பிளாட்பாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டி வருவதாக அறிவித்துக்கொண்டிருந்தார்கள். எஸ் ஆறு நிற்கும் என்று பலகை காட்டிய இடத்தில் நின்றோம். வண்டி வந்தபோது எங்கள் முன்னால் எஸ் ஒன்று நின்றது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மூவரும் ஓடினோம். எனக்கு மூச்சு முட்டியது. ஒவ்வொரு வாசலிலும் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது.

"அண்ணே! இங்க, இங்க!" என்று ஒரு குரல். ஸ்பீக்கரில் கேட்ட அதே குரல்.

எஸ் ஆறின் வாசலிலிருந்து ஒரு கை நீண்டது. விரல் இடுக்கில் வெல்லப்பாகு காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தக் கை பெரிய பெட்டியை வாங்கியது, அடுத்த பெட்டியை வாங்கியது, சாப்பாட்டுப் பையை வாங்கியது, மகளைப் பிடித்து மேலே தூக்கியது. பிறகு என்னையும் ஏற்றிவிட்டது. "இருவத்தி மூணுல என் துண்டு கெடக்கு. அதுல போயி உக்காருங்க, தங்கச்சி. எந்திரிச்சிராதீக" என்றார். நான் குனிந்து பெட்டிகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, தண்ணீர் கேன், ஃபைல் இருக்கிற பை. எல்லாம் இருந்தது. நிமிர்ந்தபோது அவர் இறங்கிவிட்டார். வண்டி நகர்ந்துவிட்டது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் என் வீட்டுக்காரரும் அவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பத்து வருடத்துக்கு மேல் குரலாகவே பழகிய இருவரும் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டது அந்த இடத்தில்தான். எனக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது.

திண்டுக்கல் வருவதற்குள் டிடிஆர் வந்தார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாகர்கோவில்னு போட்டுட்டு மதுரையில நின்னா நான் என்னம்மா பண்ணுவேன்? திருநெல்வேலி வரைக்கும் பாத்தேன். ஒண்ணக் கைக்குழந்தை வச்சிருக்கற அம்மாவுக்குக் கொடுத்துட்டேன். இன்னொண்ணக் கொடுக்கப் போறேன், கோவில்பட்டியில ஒருத்தர் ஓடிவந்து உக்காந்துக்கிட்டார். எழுந்திருக்க மாட்டேங்கறார். 'என் தங்கச்சியும் மருமகளும் மதுரையில ஏறுதாக, அதுவரைக்கும் நான்தான் அவுக, வேணும்னா என்மேல ஃபைனப் போடுங்க'ன்னு சத்தம் போடறார். கூடப் பொறந்த அண்ணனாம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் துண்டு எங்கள் இருக்கையிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொள்ளக்கூட அவருக்கு நேரமில்லை.

ஒரே இடத்தில் இருவரும் மாறி மாறிப் படுத்தும், தலைமாடு கால்மாடாக ஒடுங்கியும் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்குக் கிடைக்காமல் போன இடத்தில் அந்தக் கைக்குழந்தை நன்றாகத் தூங்கியது. அதைப் பார்க்கும்போது கோபப்பட எனக்கு எந்த நியாயமும் இல்லை. வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு என் மகள் கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் ஒரு பெண், இவள் வராமல் இருந்தால் உள்ளே போகலாம் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பிய பிறகுதான் மிச்சக் கதை தெரிந்தது. அன்று அவர் அடுப்பில் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாராம். பக்குவம் பார்க்க ஆள் இல்லாமல் அவ்வளவும் கருகிப் போயிருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை, அன்றைக்கு ஏன் பெட்டி குறைவாக வந்தது என்று கடைக்காரர் விசாரித்ததில் வெளியே வந்தது. நான் போன் செய்து நன்றி சொல்ல ஆரம்பித்தேன். "பாப்பா சேந்துட்டால்ல? நல்லது தங்கச்சி. அண்ணன்கிட்ட நாளைக்கு இருவது பெட்டி வருதுன்னு சொல்லிருங்க" என்று முடித்துவிட்டார்.

அவருடைய வாட்ஸப் படத்தில் கடலை மிட்டாய் பாக்கெட்தான் இருக்கிறது. கோவில்பட்டிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். போய் நின்றால் எனக்கு அவரை அடையாளம் தெரியாது என்பதுதான் உண்மை. என் மகளுக்காகக் கொதிக்கிற அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த மனிதர் ஒரு கை தூரத்தில் நின்றபோது, அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.