என் வகுப்பில் சத்தம் வராது

அரசாணையில் எங்களுக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். பிள்ளைகளுக்கு கெஸ்ட் மிஸ். செங்கல்பட்டில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் அந்தக் கௌரவத்துக்கு ஒரு மேஜைகூடக் கிடையாது. திருப்போரூரில் பஸ் ஏறி வந்து இறங்கியதும் நான் கேட்கும் முதல் கேள்வி, நிரந்தரப் பணியில் இருப்பவர்களில் இன்று யார் லீவு என்பதுதான். லீவு போட்டவரின் நாற்காலி அன்றைக்கு எனக்கு. எல்லாரும் வந்துவிட்டால் பீரோ பக்கத்து ஸ்டூல்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது திருவிடந்தையிலிருந்து ஒருத்தி வேலைக்கு வந்த பிறகுதான். அவளும் என்னைப் போலவே பொருளாதாரம், என்னைப் போலவே கெஸ்ட். வந்த மாதமே எங்கள் துறைத் தலைவி அவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மறுவாரமும் உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் துறை அறையில் அவளை எதிரே உட்காரவைத்து, போர்டைப் பார்த்துக்கொண்டே பேசாதே, கேள்வி கேட்டால் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நில், என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவார்.

மற்றவர்கள் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். தலைவி வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் பாடம் ஓடும்? எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. நான் சேர்ந்து இத்தனை வருஷமாகிறது, என் வகுப்பை ஒருவர் எட்டிப் பார்த்ததில்லை. நான் நன்றாக நடத்துகிறேனா, மோசமாகவா? எனக்கே தெரியாது. பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல் தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்குச் சொன்னதையெல்லாம் காதில் வாங்கி, மறுநாள் என் வகுப்பில் செய்து பார்த்தேன். அவளுக்கு அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் எனக்கு எப்படிப் பொருந்தும்? அவள் போர்டைப் பார்த்துப் பேசுகிறவள். நான் போர்டில் எழுதுவதே இல்லை.

போதாக்குறைக்கு அவள் என்னை அக்கா என்று வேறு கூப்பிட்டாள். மாமல்லபுரத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சிக்கும் அவளைத்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்து, "சோறு சூப்பரா இருந்துச்சுக்கா" என்றாள். பயிற்சியில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருநாள் தாங்காமல் தலைவியிடமே கேட்டுவிட்டேன். "ஏன் மேடம், என் கிளாசுக்கு மட்டும் வரமாட்டேங்கறீங்க?"

அவர் சிரித்தார். "உனக்கு இன்னாம்மா கொற? அவ கிளாஸ் மீன் ஏலம் மாதிரி கீது, அதான் போய் உக்கார்றேன். உன் கிளாஸ்ல சத்தமே வராதே."

சத்தம்! இதற்காகவா இத்தனை வருஷம் என்று பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் பாடத்தை ஓரம் கட்டினேன். ஈசிஆர் கடற்கரைச் சாலை ஓரத்து மனைகளின் விலை ஏன் ஏறுகிறது, இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுங்கள் என்று பிள்ளைகளை அவிழ்த்துவிட்டேன். பெஞ்சைத் தட்டினார்கள், ஏறி நின்று கத்தினார்கள். நான் நினைத்தபடியே தலைவி வாசலில் வந்து நின்றார். முதுகை நிமிர்த்திக்கொண்டேன். அவர் உள்ளே வரவில்லை. தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த அவளைக் கூப்பிட்டு, "நீ ட்ரெய்னிங் போய்ட்டு வந்தவதானே, அக்கா கிளாஸ்ல கொஞ்சம் உக்காந்து பாரு, எதுனா ஹெல்ப் பண்ணு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மணி அடிக்கும்வரை அவளை வெளியே போகச் சொல்ல என் நாக்கு துடித்தது. பிள்ளைகள் போனதும், "இன்னா பாத்த, சொல்லு" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் தயங்கினாள். "கோச்சிக்காதக்கா. பசங்க உன்னப் பாத்து பேசறாங்க. நீ வாசலையே பாத்துகினு நிக்கற. இன்னிக்கு மட்டுமில்ல, அந்தப் பக்கம் போறப்பல்லாம் பாத்துகீறேன், எப்பவும் அப்டித்தான்."

என் பாடத்தைப் பற்றி ஒருவர் சொல்லிக் கேட்ட முதல் வார்த்தை அது. அதுவும் இவள் வாயிலிருந்தா வரவேண்டும்? அவள் கன்னத்தில் ஒன்று வைத்தால் தேவலாம் போலிருந்தது. அடுத்த வாரமும் வந்து உட்காரச் சொன்னேன்.